பகிடியும் வதையும்: பல்கலைக்கழகப் பகிடிவதை பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

ஒரு வழக்கத்தின் இயல்பை அறிவதற்கு, மக்கள் அதற்கு இட்டுள்ள பெயரும் ஓரளவு உதவும். பல்கலைக்கழகத்திற் புதிதாகச் சேரும் மாணவர்மீது மூத்த மாணவர் நிகழ்த்தும் கொடுமையைத் தமிழகத்திலே பெரும்பாலும் ராகிங் என்ற ஆங்கிலச் சொல்லாலேயே சுட்டுவர். ஈழத்துத் தமிழில் அதற்குப் பகிடிவதை என்ற பெயர் நிலைபெற்றுள்ளது. சிங்களத்தில் அது நவக வதய எனப்படும். புதியவர்க்குரிய வதை என்பது அதன் பொருள். சிங்களச் சொல் வதைக்குட்படுவோர் யார் என்பதைக் கூறுகிறது. தமிழ்ச் சொல்லோ, வதைப்போர் தமது செயலுக்குக் கூறும் சமாதானத்தையும் தன்னுள்ளே கொண்டுள்ளது. வதை என்பது உண்மை. பகிடி என்பது அவ்வுண்மையின்மேற் போர்த்தப்பட்ட போர்வை.

பகிடி என்ற சமாதானம் வலுவற்றது. உயிரும் உறுப்பும் இழந்தோரின் கதைகள் அதனை எப்போதோ பொய்யாக்கிவிட்டன. இதனாலேயே பகிடிவதையை ஆதரிப்போர் அதனிலும் கண்ணியமான வேறொரு நியாயத்தை முன்வைப்பர். பகிடிவதை செல்வர் வறியர், நகரத்தார் கிராமத்தார் என்ற வேறுபாடுகளை அழித்து மாணவரிடையே சமத்துவத்தை உண்டாக்குகிறது என்பதே அந்நியாயம். இது முற்போக்காளர் பேசும் மொழியிலே கூறப்படும் நியாயமாகும். எனவே இதனைச் சோதித்துப் பார்க்கவேண்டிய கடப்பாடும் முதலில் முற்போக்காளருக்கே உரியது. இக்கட்டுரையில் நாம் மேற்கொள்ளும் பணி அதுவே. பகிடிவதையைத் தடுப்பதற்கான வழிகளும் இச்சோதனையிலிருந்தே புலப்படும் என்பது நமது துணிபு.

1. வழக்கத்தின் வரலாறு

புதியவரை இழிவுபடுத்தி ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல்கலைக்கழகம் என்ற நிறுவனத்தளவு பழமையானது. மத்தியகால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களிலே புதுமுக மாணவன் மஞ்சள் அலகுக் குஞ்சு எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டான். 15ஆம் நூற்றாண்டு ஜேர்மனியிலே அவன் கொம்பு முளைத்த விலங்காகப் பாவிக்கப்பட்டான். அக்கொம்புகளை அறுப்பதாகவும் கோரப் பற்களைப் பிடுங்குவதாகவும் நடித்து, இறுதியில் அவன் செலவிலேயே விருந்தும் உண்பது அங்கு சடங்காக இருந்தது. விலங்கு மனிதனாகிறான் என்பது அச்சடங்கின் கருத்து. கல்வியாளர் குழாம் தன்னை ஏனைய மக்களிடமிருந்து வேறுபடுத்தி, ஒரு தனிச் சாதிபோலக் காட்டிக்கொள்வதற்கு அது பயன்பட்டது.

இங்கிலாந்தின் உயர்குடிப் பாடசாலைகளிலே இவ்வழக்கம் பிறிதொரு வடிவம் பெற்றது. இளைய மாணவர் மூத்த மாணவருக்கு ஏவலராயிருந்து பணிபுரிவது அங்கே ஒழுங்குமுறையாகவே நிலவியது. 1857இல் தோமஸ் ஹியூஸ் எழுதிய டொம் பிரவுணின் பள்ளி நாட்கள் என்ற நாவல், றக்பி பாடசாலையிலே மூத்தோர் இளையோரைத் துன்புறுத்திய நிலையைச் சித்திரிக்கிறது. முதலிற் பணியக் கற்பது, பின்னர் பணிக்கக் கற்பது என்ற இந்தப் பயிற்சி, குடியேற்ற நாடுகளை ஆளுவதற்கு அதிகாரிகளை உருவாக்கிய ஒரு வர்க்கத்தின் தேவைக்கு இயைபுடையதாயிருந்தது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோதும், 1952இல் அது பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியபோதும், அதன் முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸின் மனக்கண் முன் நின்றவை இங்கிலாந்தின் விடுதிசார் பல்கலைக்கழகங்களே. போதனை மொழி ஆங்கிலம். மாணவரிற் பெரும்பாலார் ஆங்கிலங் கற்ற மத்தியதர வர்க்கத்தினர். இச்சூழலில் நிகழ்ந்த புதுமுகக் கேலியில், உணவுமேசை ஒழுங்கு அறியாதவனும் ஆங்கில உச்சரிப்புப் பிழைத்தவனும் எளிதில் நகைப்புக்கு இலக்காயினர்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும் மத்திய மகாவித்தியாலயங்களும் பல்கலைக்கழக வாயிலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தன. 1959இல் வித்தியோதய, வித்தியாலங்கார பல்கலைக்கழகங்கள் தோன்றின. 1960 முதலாகக் கலைத்துறையிற் சுயபாஷைகளிற் கற்றோர் நுழைந்தனர். உயர்குடியினரின் வழக்கமாகவிருந்த புதுமுகக் கேலி, மாணவர் குழாத்தின் வர்க்க அடிப்படை மாறியதும் மறைந்திருக்கவேண்டும் எனவே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ அதற்கு மாறானது. வழக்கம் மறையாதது மட்டுமன்றி, முன்னிலும் கொடிதாயிற்று.

1974இல் வித்தியாலங்காரவில் நிகழ்ந்த பகிடிவதையை விசாரிப்பதற்கு அரசாங்கம் குலரத்ன ஆணைக்குழுவை நியமிக்கவேண்டியதாயிற்று. 1975இல் பேராதனையிலே மாணவி ஒருவர் வதையிலிருந்து தப்பும்பொருட்டு விடுதி மாடியிலிருந்து குதித்து உடலியக்கம் இழந்தார். 2002இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1997இல் பேராதனைப் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 2002 நவம்பரில் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்திலே பகிடிவதையை எதிர்த்துச் செயற்பட்ட முகாமைத்துவ மாணவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 2020 மார்ச்சில் அதே பல்கலைக்கழகத்திலே, படிக்கட்டில் உருட்டிவிடப்பட்ட ரயர் ஒன்று மோதிப் புதுமுக மாணவர் ஒருவர் தலையிற் படுகாயமுற்றார். இவை வெளியுலகுக்குத் தெரியவந்தவை. அச்சத்தாற் படிப்பைக் கைவிட்டு ஊர் திரும்பியோரின் கதை எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

2. சமத்துவம் என்ற வாதம்

வர்க்க அடிப்படை மாறியபின்னும் வழக்கம் நிலைத்தமைக்குக் காரணம் என்ன? அதன் திசை மாறியது, வடிவம் மாறவில்லை. முன்னர் கிராமத்தானை நகைத்த அதே சடங்கு, பின்னர் ஆங்கிலம் பேசும் நகரத்தானை நோக்கித் திருப்பப்பட்டது. சிங்கள மாணவர் வழக்கிலே ஆங்கிலத்துக்குக் கடுவ, அதாவது வாள், என்று பெயர். பேராசிரியர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இச்சொல்லை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கும் அதிகாரத்துக்குமுள்ள உறவை ஆராய்ந்தார். தன்னை வெட்டும் ஆயுதமாக ஒரு மொழியை மாணவன் உணர்வதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. பட்டம் பெற்றும் வேலை கிடையாதவன், ஆங்கிலம் தெரிந்தவன் முந்திச் செல்வதைக் கண்ணாரக் காண்கிறான். அவனுடைய சினம் பொய்யானதன்று. பகிடிவதையை வெறும் காடைத்தனம் என ஒதுக்கிவிடுவோர் இதனை உணர்வதில்லை.

ஆனால் இச்சினத்துக்குப் பகிடிவதை அளிக்கும் விடை யாது? புதுமுக மாணவர் ஆங்கிலம் பேசலாகாது. எல்லோரும் ஒரேவகை எளிய உடையும் றப்பர்ச் செருப்பும் அணியவேண்டும். குறித்த சில வாரங்கள் இவ்வாறே நடமாடவேண்டும். இதனைச் சமத்துவம் என்பது, நாடக மேடையில் அரச வேடம் புனைந்தவனை அரசன் என்பது போன்றதே. அவ்வாரங்கள் கழிந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் வர்க்கத்துக்குத் திரும்பிச் செல்கின்றனர். கடுவ உடையவனிடம் கடுவ இருக்கவே செய்கிறது. அதனை இல்லாதவன் கையில் அது சேர்வதற்குப் பகிடிவதை ஒரு சிறிதும் உதவுவதில்லை. ஆங்கிலம் கற்பதற்குரிய முதல் வருடத்திலே அம்மொழியை வாயெடுத்துப் பேசவும் அஞ்சும் நிலையை உண்டாக்குவதால், அது உண்மையிற் கிராமத்து மாணவனையே நிராயுதபாணி ஆக்குகிறது.

வதையின் சுமை யாரை அதிகம் அழுத்துகிறது என்பதையும் நோக்கவேண்டும். வசதிபடைத்த வீட்டுப் பிள்ளை வீட்டிலிருந்து வந்துபோகலாம். தாங்கமுடியாதபோது தனியார் நிறுவனத்துக்கோ வெளிநாட்டுக்கோ சென்று படிக்கலாம். மகாபொல உதவிப் பணத்தை நம்பி, விடுதிக் கட்டிலை நம்பி, தூரத்துக் கிராமத்திலிருந்து குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வரும் பிள்ளைக்கு அத்தகைய வெளிவாயில் எதுவுமில்லை. வறியவனின் பெயரால் நடைபெறும் ஒரு சடங்கிலே தப்பமுடியாது அகப்படுபவன் வறியவனே என்பது சமத்துவ வாதத்தின் உட்புரையை நன்கு காட்டுகிறது.

இன்னும் ஒன்று. மூத்தோரைக் கண்டால் தலைகுனியவேண்டும். இந்தப் பாதையால் நடக்கலாகாது. அந்தச் சிற்றுண்டிச்சாலையில் இருக்கலாகாது. அழைக்கும் முறை இன்னதாகவே இருக்கவேண்டும் என்பன போன்ற விதிகள் நமக்குப் புதியவையல்ல. பாதை, கிணறு, தேநீர்க்கடை, கோயில் என்பன ஒருசாரார்க்கு மறுக்கப்பட்ட சமூகத்திலிருந்தே நாம் வருகின்றோம். 1966 ஒக்ரோபரில் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், தேநீர்க்கடைப் பிரவேசங்களும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டமும் இத்தகைய விதிகளுக்கு எதிராகவே எழுந்தன. அப்போராட்டங்களைத் தமது மரபாகப் போற்றுவோர், அவற்றால் உடைக்கப்பட்ட விதிகளின் நிழலைப் பல்கலைக்கழக வளாகத்திலே சமத்துவம் எனக் கொள்வது எங்ஙனம் பொருந்தும்?

சாதியொடுக்குமுறையும் பகிடிவதையும் ஒன்றெனக் கூறுவது நமது கருத்தன்று. முன்னையது உற்பத்தியுறவுகளில் வேரூன்றி ஆயுள்முழுவதும் தொடர்வது. பின்னையது சில வாரங்களில் அல்லது மாதங்களில் முடிவது. எனினும் இரண்டுக்குமுள்ள மிக முக்கியமான வேறுபாடு கால அளவு பற்றியதன்று. சாதியமைப்பிலே ஒடுக்கப்பட்டவன் ஒடுக்குபவனாகப் பதவியுயர்வு பெறுவதில்லை. பகிடிவதையிலோ அடுத்த வருடமே அவன் அப்பதவியைப் பெறுகிறான். பகிடிவதையின் நீண்ட ஆயுளுக்கு இரகசியம் இவ்விடத்திலேயே உள்ளது.

3. வதை தன்னைத்தானே மறுவுற்பத்தி செய்யுமாறு

வதைக்குட்பட்டவனிடத்தே அவமானமும் ஆத்திரமும் எஞ்சுகின்றன. அவற்றைத் தனக்கு இழைத்தவர்மீது அவனாற் செலுத்த முடியாது. ஆனால் அடுத்த வருடம் வருபவர்மீது செலுத்தலாம் என்ற உரிமை அவனுக்கு வழங்கப்படுகிறது. இவ்வகையில் இது ஒரு கடன் போன்றது: கொடுத்தவனிடம் வசூலிக்க முடியாத கடனை, அதனோடு எவ்விதத் தொடர்புமற்ற மூன்றாமவனிடம் வசூலிப்பது. தான் பட்டது வீணன்று என்று தன்னை நம்பவைப்பதற்கும் அவனுக்கு இது தேவைப்படுகிறது. நாங்களும் பட்டோம், அதனாலேதான் எங்கள் அணியில் ஒற்றுமை வந்தது என்ற கூற்று, காரியத்தைக் காரணமாக மயங்கிக் கூறுவதாகும். துன்பத்தை ஒருங்கே அனுபவித்தோரிடையே நெருக்கம் உண்டாவது உண்மையே. அதற்காக வெள்ளப் பெருக்கை வேண்டி எவரும் விரதம் இருப்பதில்லை.

புதுமுக மாணவர் விரும்பியே இணங்குகின்றனர் என்றும் கூறுவர். இணங்காமைக்கு விதிக்கப்படும் விலையைக் கணக்கிற் கொள்ளாமல் இணக்கத்தை மதிப்பிடலாகாது. பகிடிவதையை மறுப்பவர் சிங்கள மாணவர் வழக்கிலே கிழங்கு எனப் பொருள்படும் சொல்லால் இகழப்பட்டு அணியிலிருந்து விலக்கப்படுகின்றனர். பழைய வினாத்தாள்களும் விரிவுரைக் குறிப்புகளும் அவர்களுக்குக் கிடையா. மாணவர் சங்கத்தின் வாயிலும் அடைக்கப்படலாம். நான்கு வருடங்களை ஒரே விடுதியிலும் ஒரே வகுப்பிலும் கழிக்கவேண்டிய பதினெட்டு, இருபது வயதினர் இவ்விலையைச் செலுத்தத் தயங்குவது இயல்பே. உயிர்வாழ்வதற்கு வேறு வழியற்றவன் கூலிக்கு உடன்படுவதைச் சுதந்திர ஒப்பந்தம் எனக் கூறும் வாதத்தை நாம் அறிவோம். இவ்வாதமும் அதன் உடன்பிறப்பே.

தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களிலே பகிடிவதை பெரும்பாலும் மொழிவழிப் பிரிந்து நடைபெறுவதும் மனங்கொள்ளத்தக்கது. சிங்கள மாணவரைச் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரைத் தமிழ் மாணவரும் வதைப்பர். நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் முதன்முறையாக ஒருங்கே வாழக் கிடைக்கும் இடம் பல்கலைக்கழகமே. அங்கு முதல் நாளிலேயே அவர்களை இனவாரியாகப் பிரித்து, எம்மவரிடமே அகப்படு, எம்மவரையே நம்பு என்று கற்பிக்கும் வழக்கத்தை ஒற்றுமையின் கருவி என்பது நகைப்புக்குரியது. பெண்கள் விடயத்தில் இது மேலும் கொடிது. பாலியல் இழிவுபடுத்தலே பகிடிவதையின் பொதுமொழியாய் அமைந்திருப்பது, அது எந்தச் சமூக உறவுகளைப் பேணுகிறது என்பதைத் தெளிவாக்குகிறது.

4. சட்டமும் அதன் எல்லையும்

1997ஆம் வருட மரணங்களின் பின்னர், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. உடலுக்கோ உளத்துக்கோ ஊறுவிளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய, வேதனையோ அச்சமோ உண்டாக்கும் செயலைச் சட்டம் பகிடிவதை என வரையறுக்கிறது. அதற்கு இரண்டு வருடம் வரையிலும், பாலியற் கொடுமையோ கடுங்காயமோ நேருமாயின் பத்து வருடம் வரையிலும் சிறைத்தண்டனை விதிக்கலாம். பிரான்சும் அதே 1998இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது. தமிழகம் 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் ஒருவர் கொலையுண்டதன் பின் 1997இல் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மரணம், பின்னர் ஒரு சட்டம் என்பதே எங்கணும் காணப்படும் வரிசை.

சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் இரு குறைபாடுகளைச் சுட்டவேண்டியுள்ளது. முதலாவது, இலங்கைச் சட்டம் பகிடிவதையோடு நின்றுவிடவில்லை. கல்வி நிறுவனக் கட்டிடங்களைப் பலவந்தமாகக் கைப்பற்றியிருத்தல், சொத்துக்குச் சேதம் விளைத்தல் என்பவற்றையும் அது உள்ளடக்கி, அவற்றுக்குச் சாதாரணப் பகிடிவதைக்குரியதிலும் கடுமையான தண்டனைகளை வகுக்கிறது. இதனால், சட்டத்தின் உண்மை இலக்கு மாணவர் போராட்டமே என்ற ஐயம் மாணவரிடையே எழுந்தது. அவ்வையத்தைப் பகிடிவதையின் காவலர் தமக்குக் கேடயமாக்கிக்கொண்டனர். பகிடிவதையை எதிர்ப்பவன் அரசின் ஆள் என்ற வாதம் இவ்வாறே வலுப்பெற்றது.

இரண்டாவது, சட்டம் முறைப்பாட்டை எதிர்பார்த்து நிற்கிறது. முறையிடுபவனோ தான் குற்றஞ்சாட்டியவரின் நண்பர்களிடையே அன்றிரவு உறங்கச் செல்லவேண்டியவன். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு 2010இல் வெளியிட்ட 919ஆம் இலக்கச் சுற்றறிக்கை போன்றவை நிர்வாகங்களின் பொறுப்புகளை வகுத்துள்ளன. சுற்றறிக்கை இருந்தும் வழக்கம் தொடர்வதற்குக் காரணம், அது தொடும் இடம் தண்டனை. வதை உயிர்வாழும் இடம் அன்றாட வாழ்வு.

5. செய்யத்தக்கவை

மேற்கூறிய ஆய்விலிருந்து சில முடிவுகள் இயல்பாகவே பெறப்படுகின்றன.

முதலாவதாக, மூத்த மாணவரின் அதிகாரத்துக்குப் பொருளடிப்படையாய் இருப்பவற்றை அகற்றவேண்டும். குறிப்புகளும் பழைய வினாத்தாள்களும் நூலகத்தில் எல்லோருக்கும் கிடைக்குமாயின், அவற்றை மறுப்பேன் என்ற மிரட்டல் பொருளிழக்கும். விடுதி ஒதுக்கீடு, உதவிப்பணம், பாடத்தெரிவு பற்றிய செய்திகள் யாவும் முதல் நாளிலேயே திணைக்களத்தின் வாயிலாக மாணவரை அடையுமாயின், புதுமுகம் ஒருவர் வழிதெரியாது மூத்தோரின் கையை எதிர்பார்த்து நிற்கவேண்டியதில்லை. முதல் வருடத்தினர்க்குத் தனி விடுதியும் இரவிலும் அங்கே பொறுப்பானவர் ஒருவரும் இருத்தல் அவசியம். விடுதியில் இடப்பற்றாக்குறை தொடரும்வரை வதைப்போனுக்கு இடப்பற்றாக்குறை இராது.

இரண்டாவதாக, ஆங்கிலம் என்ற வாளை உண்மையாகவே பகிர்ந்தளிக்கவேண்டும். கிராமத்து மாணவர் கூசாது பேசிப் பழகக்கூடிய ஆங்கில வகுப்புகளை முதல் வருடத்திலேயே சிறப்பாக நடத்துவது, பகிடிவதைக்கு எதிரான செயல்களில் ஒன்றாகவே கருதப்படவேண்டும். மூத்த மாணவர் அவ்வகுப்புகளிலே துணைநிற்பாராயின், சமத்துவம் பற்றி அவர் கூறுவதை நாமும் நம்பலாம்.

மூன்றாவதாக, முறைப்பாட்டைக் கேட்கும் அமைப்பு பீடத்துக்கு வெளியே இருத்தல் நன்று. முறையிட்டவரின் பெயர் வெளிப்படாமையும், விசாரணை முடியும்வரை அவர் இருக்கைக்கும் படிப்புக்கும் பாதுகாப்பும் உறுதிசெய்யப்பட வேண்டும். வதைக்குள்ளானவர் அல்லாத ஒருவர் கண்டதைக் கூறினாலும் விசாரணை தொடங்கவேண்டும். வதைப்போர் எங்கும் சிறுபான்மையினரே. பார்த்துக்கொண்டு நிற்கும் பெரும்பான்மையின் மௌனமே அவர்களின் பலம். இவ்விடத்தில் ஆசிரியர் குழாமும் விதிவிலக்கன்று. மாலையில் வளாகத்தைவிட்டு நீங்குவதோடு தமது பொறுப்பு முடிந்ததெனக் கருதும் ஆசிரியர், காலையில் வகுப்பில் உறங்கி விழும் புதுமுகங்களைக் கண்டும் காரணம் வினவாதிருப்பது நடுநிலை ஆகாது.

நான்காவதும் மிக முக்கியமானதும் மாணவர் சங்கங்கள் பற்றியது. வெளியிலிருந்து வரும் எந்தத் தடையும், மாணவர் இயக்கம் தானே இவ்வழக்கத்தைக் கைவிடும்வரை, அரைகுறையாகவே பயன்தரும். சங்கத்தின் யாப்பிலேயே பகிடிவதையை விலக்கும் விதி இடம்பெற வேண்டும். அதில் ஈடுபட்டவர் பதவி வகிக்க முடியாதென்றும், மறுத்தவரின் அங்கத்துவம் எவ்வகையிலும் பாதிக்கப்படாதென்றும் அது கூறவேண்டும். புதியவரைச் சங்கத்துக்கு ஈர்க்கப் பகிடிவதையே வழி என எண்ணும் தலைமை, தனது கொள்கைக்கு ஈர்க்கும் ஆற்றல் இல்லையென்பதைத் தானே ஒப்புக்கொள்கிறது. அச்சத்தாற் சேர்க்கப்பட்டவன் கூட்டத்தில் தலைகளின் எண்ணிக்கையைப் பெருக்கலாம். அடக்குமுறை வரும் நாளில் அவன் நிற்கமாட்டான். கேள்வி கேளாது கீழ்ப்படியப் பழகியவன், நாளை ஓர் அதிகாரியின் முன்னும் தொழிலதிபரின் முன்னும் அவ்வாறே கீழ்ப்படிவான். இத்தகையவரையே ஆளும் வர்க்கம் விரும்புகிறது. பகிடிவதை அதற்கு இலவசமாகப் பயிற்சிக்கூடம் நடத்துகிறது.

இலவசக் கல்வியைக் காக்கவேண்டும் என்று கோரி மாணவர் வீதியில் இறங்கும்போது மக்கள் அவர்பக்கம் நிற்கவேண்டும் என நாம் விரும்புகின்றோம். தமது பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு முதல் மாதம் முழுவதும் உறக்கமின்றிக் கிடக்கும் தாய்தந்தையரும் அம்மக்களில் அடங்குவர். அவர்கள் அஞ்சுவது அரசாங்கத்துக்கு அன்று, நமது மாணவருக்கே என்ற நிலை நீடிக்கும்வரை அவர்களின் ஆதரவை நாம் முழுமையாகக் கோரமுடியாது. பல்கலைக்கழக வாயிலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் திறப்பதற்கு ஒரு தலைமுறை போராடியது. அவ்வாயிலுள் நுழைபவர் நிமிர்ந்த தலையோடு நுழைவதை உறுதிசெய்வது அப்போராட்டத்தின் எஞ்சிய பகுதி. அதனை நிறைவேற்றவேண்டியவர்கள் இன்று அவ்வாயிலுக்குள் இருப்பவர்களே.